கடல் காணாத வலையில் வடித்த பப்பாப்பழம்

எழுபதுகளின் நடுப்பகுதி. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம். இடம் மயிலிட்டிக் கரை. எனக்கு அப்போது முப்பது வயது கடந்திருந்தது. கரைக்கு வரும் மீனை ஏலம் கூறி விற்றுக் கொடுப்பது என் தொழில். கடலுக்குப் போகிறவனுக்குத் தோள் வேண்டும், எனக்கு வாய் வேண்டும். நான் கூறத் தொடங்கினால் அடுத்த தெரு ஒழுங்கையில் படுத்திருக்கும் நாயும் எழும்பிப் போய்விடும் என்று ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அன்று காலை ஒரு வள்ளத்தைக் கயிறும் கப்பியும் போட்டுக் கரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். அப்படி நிற்கிற ஆளா நான்? "இஞ்சாலை இழு, அங்காலை தள்ளு" என்று அவர்களுக்குக் கிட்டப் போய் நின்று படிப்பித்துக்கொண்டிருந்தேன். கயிறு அறுந்தது. கயிற்றோடு பறந்து வந்த கப்பி என் தாடையில் அடித்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவு வந்தது ஆசுபத்திரிக் கட்டிலில்தான்.

தாடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்து மெல்லிய கம்பியால் கட்டிவிட்டார்கள். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வாய் திறக்க முடியாது. பல்லுக்குள்ளால் முனகலாம், அவ்வளவுதான். இடையில் கம்பியை வெட்டினால் எலும்பு கோணலாகப் பொருந்திவிடும், பிறகு வாய் முன்னைப்போல் திறக்காது, பெரிய சத்தம் போட முடியாது என்று டாக்டர் சொன்னார். மீன் கூறுகிறவனுக்குச் சத்தம் இல்லாவிட்டால் என்ன இருக்கிறது? நான் கட்டிலில் கிடந்தபடி கூரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது என் மனைவியின் கையில் இரண்டு சாமான் தந்தார்கள். ஒன்று விரல் பருமனான றப்பர் குழாய். எனக்கு ஏற்கெனவே கடைவாய்ப் பல் ஒன்று விழுந்த இடம் இருந்தது, அதற்குள்ளால் குழாயை விட்டு மேலே புனலை வைத்து ஊற்ற வேண்டும். மற்றது கம்பி வெட்டும் சின்னக் குறடு. சத்தி, அதாவது வாந்தி, வந்தால் உடனே கம்பியை வெட்டிவிட வேண்டும், மூடிய வாய்க்குள் சத்தி வந்தால் மூச்சை அடைத்து ஆளைக் கொன்றுவிடும் என்று டாக்டர் விளங்கப்படுத்தினார். மனைவி அந்தக் குறட்டை என் கட்டிலுக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கவிட்டாள். படுத்திருக்கும்போதெல்லாம் அது என் கண்ணுக்கு நேரே ஆடும்.

என்னைப் பார்க்க வீட்டில் இரண்டு பேர். ஒருத்தி மனைவி. மற்றவர் என் அக்கா. அக்காவின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம். வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது, அதற்குள்ளால் அக்கா நாளைக்குப் பல தடவை வந்து போவார். தாய் இல்லாத என்னை வளர்த்தவர் என்பதால் என் வயிற்றுக்குள் என்ன போக வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தனக்குத்தான் என்பது அவருடைய எண்ணம். மனைவி அதற்கு எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. பேசாமலே தான் நினைத்ததைச் செய்யும் ரகம் அவள்.

கஞ்சித் தண்ணீர், பால், இளநீர், துணியில் வடித்த மீன்சாறு. இதுதான் சாப்பாடு. எல்லாம் தண்ணீர், எல்லாம் ஒரே நிறம். இரண்டாம் கிழமை முடியும்போது என் கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது, ஆனால் வயிறு மட்டும் கல்லாக இறுகி வீங்கியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கக்கூசுக்குப் போய்க் குந்தியிருந்துவிட்டு வேர்வையோடு வெறுமனே திரும்பி வருவதே என் வேலையாகிவிட்டது. தாடை நோவைக்கூடத் தாங்கலாம். இது தாங்கக் கூடியதாக இல்லை.

ஒரு பின்னேரம், மனைவி கிணற்றடியில் நின்ற நேரம், அக்கா ஆமணக்கெண்ணெயோடு பொட்டுக்குள்ளால் வந்தார். எங்கள் வீட்டில் சின்ன வயது முதல் வயிறு என்றால் இதுதான் மருந்து. "கண்ணை மூடிக்கொண்டு இழு தம்பி, விடியப் பார், பஞ்சு மாதிரி இருப்பாய்" என்று புனலில் ஊற்றிவிட்டார். நானும் ஆவலோடு இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் வயிற்றை முறுக்கியது. பிறகு அந்த எண்ணெய் மணம் தொண்டைக்கு ஏறியது. வாய்க்குள் உமிழ்நீர் நிறைந்தது. எனக்கு விளங்கிவிட்டது, சத்தி வரப்போகிறது.

அக்கா போட்ட கூச்சலில் மனைவி ஈரச் சேலையோடு ஓடி வந்தாள். என்னைக் குப்புறச் சரித்துத் தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள். ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்தாள், மற்றக் கையால் ஆணியில் இருந்த குறட்டை எடுத்து உதட்டை விலக்கிக் கம்பியில் வைத்தாள். இரும்பு என் பல்லில் குளிர்ந்தது. "மூக்காலை மூச்சு விடுங்கோ. மெல்ல. மெல்ல" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் மூக்கால் மூச்சு விட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெதுமெதுவாக அந்தக் குமட்டல் கீழே இறங்கிப் போனது.

அப்போது எனக்குள் ஒரு வெறி வந்தது. போதும் இந்த மானங்கெட்ட சீவியம், கோணினால் கோணட்டும் என்று தோன்றியது. வெட்டு, வெட்டு என்று கையால் காட்டினேன். அவள் குறட்டை எடுத்துவிட்டாள்.

"சத்தி நிண்டிட்டுது. இனி என்னத்துக்கு வெட்டுறது?"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த மெலிந்த நிலையிலும் எனக்குப் பலம் இருந்தது. அவள் கையை விடுவித்து, குறட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "உங்கடை வாய் உங்களுக்கு மட்டுமே சொந்தம்? அதை நம்பித்தான் நானும் இருக்கிறன். தரமாட்டன்" என்றாள். அவள் அப்படி முகத்துக்கு நேரே எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா மூலையில் நின்று எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை என்னை அக்காவிடம் விட்டுவிட்டு அவள் தனியே பஸ் ஏறி ஆசுபத்திரிக்குப் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் பிள்ளையைத் தூக்கினதுபோல ஒரு பெரிய பப்பாப்பழம், கையில் கதலி வாழைப்பழச் சீப்பு ஒன்று. புத்தூர்ப் பக்கத்தில் தோட்டம் செய்யும் கமக்காரர் ஒருவர் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய பழங்களாம், வழியிலேயே வாங்கிவிட்டாள்.

"டாக்குத்தர் சொன்னவர், பேதி மருந்து ஒண்டும் குடுக்கக் கூடாதாம். பழத்திலை நார்ச்சத்து இருக்காம், பழத்தைச் சக்கையோடை கரைச்சுக் குடுக்கட்டாம். வடிச்சா வேண்டியதெல்லாம் துணியிலை போயிடுமாம்" என்றாள்.

"காயக்காரனுக்குப் பப்பாப்பழமோ? சூடு! இனி மாம்பழமும் கொண்டுவந்து குடுப்பாய் போலை. அது கிரந்தி. காயம் சீழ் கட்டினா உன்ரை டாக்குத்தரே வந்து கழுவுவர்?" என்று அக்கா கேட்டார். கிரந்தி என்றால் எங்கள் ஆட்களுக்குப் பெரிய பயம். புண்ணைப் பழுக்க வைக்கும் சாப்பாடு எது, வைக்காதது எது என்று அக்கா ஒரு மூச்சில் சொல்லுவார். நல்ல ருசியான சாப்பாடெல்லாம் கிரந்தியாகவே இருக்கும்.

மனைவி அம்மியைக் கழுவத் தொடங்கினாள்.

இந்தக் காலத்தில் மெசினில் போட்டு அரைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்போது மின்சாரமே இல்லை. அம்மியை நன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பப்பாப்பழத்தையும் கதலியையும் அதில் வைத்து அரைத்தாள். சீனி கிடைப்பது கஷ்டமான காலம், பனங்கட்டியைக் கரைத்துச் சேர்த்தாள். கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டாள். நிறத்தைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்தது. புனலை நானே பிடித்தேன். முதல் மிடறு உள்ளே போனது.

அம்மி கழுவினால் போகுமா? எத்தனை வருடத்துச் செத்தல் மிளகாய் அந்தக் கல்லுக்குள் ஊறிக் கிடந்தது! பல்லைச் சுற்றிய முரசில் கம்பி குத்திய ஒவ்வொரு புண்ணும் நெருப்பெடுத்தது. வாயைத் திறந்து காற்று விடவும் வழியில்லை, கத்தவும் வழியில்லை. கண்ணால் தண்ணீர் ஓட, முற்றத்தில் வட்டமடித்து ஓடினேன். மூக்கால் ஒரு சத்தம் வந்தது, அது எனக்கே பயமாக இருந்தது. அக்கா, "நான் சொன்னனான், சூடெண்டு!" என்றார்.

மனைவி தண்ணீரைக் குழாயில் ஊற்றி என் வாயைக் கழுவினாள். கழுவி முடித்ததும் ஒரு சட்டியையும் மத்தையும் எடுத்துக்கொண்டு வந்து திரும்ப நிலத்தில் குந்தினாள். சலித்துக்கொள்ளவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பழத்தைச் சட்டியில் மசித்துக் கடைந்தாள். மிளகாய் இல்லை, ருசியும் நல்லது, ஆனால் கட்டி கட்டியாக நின்று குழாயை அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க அவள் குழாயின் மறுபக்கத்தில் வாயை வைத்து ஊதினாள். பழம் பறந்து போய்ச் சுவரில் ஒட்டியது. அந்த மஞ்சள் அடையாளம் அடுத்த பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும் வரை அங்கே இருந்தது.

அக்கா உதவிக்கு வந்தார். உதவி என்றால் பழைய வேட்டித் துணி. பழத்தைத் துணியில் கட்டிப் பிழிந்தார். தெளிந்த இனிப்புத் தண்ணீர் குழாய்க்குள்ளால் அழகாக இறங்கியது. துணிக்குள் மிஞ்சிய சக்கையைக் கோழிக்குப் போட்டார். "மச்சாள், கோழிக்கே மலச்சிக்கல்?" என்று மனைவி மெல்லக் கேட்டாள். அக்கா முறைத்தார். எனக்குச் சிரிப்பு வந்து தாடை நொந்தது.

ஆனால் அடுத்த நாளும் இதேதான். துணியில் வடித்தால் சத்து நிற்கவில்லை, வடிக்காவிட்டால் குழாய் அடைத்தது. தேங்காய்ப்பால் வடிக்கும் வடியில் வடித்தும் பார்த்தாள், அதன் ஓட்டை பெரிது, கட்டிகளும் இறங்கின. என் வயிறு முன்னைவிட மோசமானது. அன்று மத்தியானம் நான் குழாயைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இடுப்பில் அவள் செருகியிருந்த குறட்டைப் பற்றியே என் எண்ணம் இருந்தது. அவள் குளிக்கப் போகும்போது எப்படியும் அதைக் கழற்றி வைப்பாள் என்று கணக்குப் போட்டேன். எடுத்து வெட்டிவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

அவள் குளிக்கவும் போனாள், குறட்டையும் கொண்டு போனாள்.

நான் ஏமாந்து போய் யன்னலால் வெளியே பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அத்தான், அக்காவின் கணவர், புதிதாகக் கொண்டுவந்த வலையை மரத்தில் கட்டி விரித்துக்கொண்டிருந்தார். சின்ன மீனுக்குப் போடும் வலை, நுணுக்கமான கண். வெயில் அதற்குள்ளால் விழுந்தது. எது போகும், எது நிற்கும் என்று தீர்மானிப்பது வலைக்கண்தானே? பிறந்தது முதல் பார்க்கிற சங்கதி. இவ்வளவு நாள் எனக்கு அது தோன்றவில்லை. நான் எழும்பினேன்.

கிணற்றடிக்குப் போய் மனைவிக்கு வலையைக் காட்டினேன், பிறகு பிழிவதுபோலக் கையைக் காட்டினேன். தலையில் ஊற்றிய தண்ணீர் வழிய அவள் என்னையே பார்த்தாள். "வலையிலை வடிக்கிறதோ?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆனால் அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வலைக்கு முன்னால் நின்றுவிட்டார். கடல் காணாத வலையில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் பழைய கட்டுப்பாடு. வலை முதலில் கடலுக்குப் போக வேண்டும், முதல் மீனைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு முன் அதில் ஒரு நூலையும் அறுக்கக் கூடாது. அறுத்தால் அந்த வலையில் மீன் ஏறாது என்பார்கள். அத்தானின் அந்த வருடத்து நம்பிக்கையெல்லாம் அந்த வலைதான். அக்காவிடம் நான் எப்படிக் கேட்பது? தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

மனைவி விடுவாளா? மூலையில் கிடந்த ஒரு பழைய வலைத்துண்டை எடுத்து அவித்தாள். மீன் மணம் போகத் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரும்பவும் அவித்தாள். அதில் வடித்துத் தந்த பழச்சாறு சரியான பதமாகக் குழாயில் இறங்கியது. ஆனால் அது பழச்சாறாக இல்லை. காய்ந்த நெத்தலியும் பப்பாப்பழமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்காவது அறிய விருப்பமா? என் முகத்தைப் பார்த்ததும் அவள் பாய்ந்து குறட்டை எடுத்துவிட்டாள், சத்தி வரப்போகிறதென்று. நல்ல காலம், வரவில்லை. அவள் குறட்டைக் கையில் வைத்தபடியே நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள். அவ்வளவு நாளும் அவள் அழவில்லை.

அந்த அழுகை வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை அக்கா பொட்டுக்குள்ளால் வந்தார். கையில் மூடிய சட்டி. திறந்தார். உள்ளே வெந்நீரில் கிடந்தது ஒரு வலைத்துண்டு, வெள்ளை வெளேரென்று புதிது. மடித்து மடித்து மூன்று அடுக்காகச் சேர்த்து, ஓரத்தை ஊசியால் பின்னிப் பை போலச் செய்திருந்தார். அத்தானின் வலையின் நடுவிலிருந்தே வெட்டியிருந்தார்.

"மச்சாள்! வலை கடலுக்குப் போகேல்லையே!" என்று மனைவி பதறினாள்.

"கடலுக்குப் போனா என்ன, என்ரை தம்பியின்ரை வயித்துக்குப் போனா என்ன? பழத்தைக் கொண்டா பிள்ளை" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்க்காமல், "எண்ணெய் தந்தது நான்தானே" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பேரும் சட்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தார்கள். மசித்த பழத்தை மனைவி பைக்குள் போட, அக்கா தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கையால் தேய்த்தார். கட்டியும் தும்பும் பைக்குள் நின்றன, கொழகொழவென்று சக்கையோடு சேர்ந்த சாறு கீழே இறங்கியது. பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் ஒரு துளி உப்பும் சேர்த்துக் கலக்கினார்கள். புனலில் ஊற்றினார்கள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயைப் பார்த்தோம். அடைக்கவில்லை. குடித்து முடித்து நான் வெறுங்குழாயை உறிஞ்சிச் சத்தம் எழுப்பினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலையும் மாலையும் ஒரு செம்பு. இரண்டு மூன்று நாளில் நான் கக்கூசிலிருந்து ராசா மாதிரி நடந்து வந்தேன். என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்கு விளங்கிவிட்டது. வேலிக்கு மேலால் எட்டி, "போயிட்டான்! தம்பி போயிட்டான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒழுங்கையே திரண்டு வந்தது. ஆள் செத்துவிட்டான் என்று நினைத்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வந்தவர்கள் விசயம் தெரிந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஊருக்கெல்லாம் கத்திய நான் வாய் மூடி நிற்க, என் வயிற்றுச் சங்கதியை அக்கா ஏலம் கூறினார்.

பிறகு கிரந்தி என்ற பேச்சே வீட்டில் குறைந்துவிட்டது. கடைசிக் கிழமையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்து வலைப்பையில் தேய்த்தது அக்காதான். "இது கொஞ்சக் கிரந்திதான், பரவாயில்லை" என்றார்.

ஆறு கிழமை முடிந்து டாக்டர் கம்பியைக் கழற்றினார். தாடை நேராகப் பொருந்தியிருந்தது. முதலில் ஒரு விரல்தான் வாய்க்குள் போனது. தினமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று திறந்து திறந்து பழகினேன். நொந்தது, விடவில்லை. குறட்டைத் தராதவளுக்கு முன்னால் நான் எப்படி விடுவது?

திரும்பவும் கரைக்குப் போன அன்று அத்தானின் வள்ளம் வந்தது. அந்த வலையின் நடுவில், வெட்டிய இடத்தில், நீல நூலால் போட்ட பெரிய ஒட்டு. அந்த ஒட்டைச் சுற்றியும் மீன் துள்ளியது. கரையில் அக்காவும் மனைவியும் நின்றார்கள். முதற் கூடையை என் முன்னால் வைத்தார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தம் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்தது. பக்கத்து ஒழுங்கை நாய்க்குக் கேட்டதோ தெரியாது, அந்த இரண்டு பேருக்கும் கேட்டது.

இப்போதும் காலையில் எழும்பினால் ஒரு செம்பு பழக்கரைசல் எனக்கு வேண்டும், சக்கையோடு. வாயால் பிழைத்தவன் நான். அந்த வாய் பூட்டிக் கிடந்த நாட்களில் நான் சொல்லாததையும் கேட்டு என்னைக் காப்பாற்றிய இரண்டு பெண்களிடம், கரையில் எவ்வளவு கத்திவிட்டு வந்தாலும், வீட்டு வாசல் படலையைத் திறந்தபின் குரலை உயர்த்திக் கதைக்க இன்றுவரை என் தாடை திறப்பதில்லை.